பத்து வயசுக்கு ஏத்த கதை இருக்கா?

பத்து வயசுப் பிள்ளைக்குக் கதைப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலையில் ஒரே சிரமம், அதை வாங்க வருகிறவருக்குப் பத்து வயசு தாண்டி ரொம்ப நாளாகியிருக்கும் என்பதுதான்.

மதுரை சிம்மக்கல்லில் ஒரு புத்தகக் கடையில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். மாடியில் இருக்கும் சிறுவர் பகுதி என் பொறுப்பு. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது சுலபம், யானை பெரிதாக இருந்தால் போதும். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிறவர்கள் தாங்களே தேடி எடுத்துக்கொள்வார்கள். நடுவில் நாலாவது, அஞ்சாவது என்று ஒரு கூட்டம் இருக்கிறது. வெறும் படத்தைக் கொடுத்தால் கோபம் வரும், வெறும் எழுத்தைக் கொடுத்தால் தூக்கம் வரும். ஆசையாக வாங்கிக் கொடுத்த புத்தகம் மடிப்புக் கலையாமல் அலமாரியில் கிடப்பதை நீங்களும் பார்த்திருந்தால், நாமெல்லாம் ஒரே கட்சி.

வடிகட்டி எடுத்தது

வண்டியூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து தலைமையாசிரியை ஒருவர் ஜூன் மாசம் வந்தார். நாலாம், அஞ்சாம் வகுப்புக்கு ஏற்ற கதைப் புத்தகங்கள் நாற்பது வேண்டும் என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து நாற்பதையும் தேர்ந்தெடுத்து மேசையில் அடுக்கி வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் பின்னட்டையையும் படித்தார். ஒன்றில் பேய் வருகிறது, ஓரமாக வைத்தார். ஒன்றில் பையன் வீட்டுக்குத் தெரியாமல் ரயில் ஏறுகிறான், அதுவும் ஓரம். ஒன்றில் பிள்ளைகள் சேர்ந்து திருடனைப் பிடிக்கிறார்கள். திருடன் வருவதால் அதுவும் வேண்டாம். அப்பா அம்மா சண்டை, வாத்தியாரைக் கிண்டல் செய்வது, நாய் தொலைந்துபோவது என்று வரிசையாக ஓரத்துக்குப் போயின. நாய் கடைசியில் கிடைத்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். கிடைக்கிற வரைக்கும் பிள்ளைகள் கவலைப்படுமே என்றார்.

ஒரு மணி நேரத்தில் மேசை காலி. மிஞ்சிய ஒரே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி இன்னும் முப்பத்தொன்பது இருந்தால் கொடுங்கள் என்று திருப்தியாகச் சொன்னார். பில் போடும் பாண்டி அப்போது மேலே வந்திருந்தார். என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அக்கா, அது கதைப் புத்தகம் இல்ல, அட்லஸ். நேத்துத் தூசி தட்டும்போது நாந்தான் அங்ஙன வச்சேன்."

ஆயிசா வருகிற பக்கங்கள்

பழைய ஊருக்குள் பாத்திரக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் ஞாயிறு தவறாமல் மகளைக் கூட்டி வருவார். பெயர் ஆயிசா, அஞ்சாவது படிக்கிறாள். அத்தா கீழே பாண்டியோடு பேசிக்கொண்டிருக்க, இவள் மாடியில் தரையில் உட்கார்ந்து படிப்பாள். ஒரு நாள், தன் பெயருள்ள பிள்ளை வருகிற கதை எதுவும் இருக்கிறதா என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். அலமாரி முழுக்கத் தேடினேன். கவின் இருந்தான், ஆதி இருந்தான், நிலாவும் யாழினியும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அத்தனை வருஷம் அந்த அலமாரியை நான்தான் அடுக்குகிறேன், அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த வாரம் முழுக்கப் பதிப்பகங்களுக்குப் போன் போட்டு ஒன்றைப் பிடித்துவிட்டேன். நூற்றுச் சொச்சம் பக்கம், நல்ல படங்கள், உள்ளே நிஜமாகவே ஓர் ஆயிசா. கொடுத்தபோது அவளைவிட எனக்குத்தான் சந்தோஷம். அடுத்த ஞாயிறு அதைக் கையிலேயே கொண்டு வந்தாள். கோபமெல்லாம் இல்லை, கதை நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். பிறகு, அடையாளத்துக்கு பஸ் டிக்கெட் வைத்திருந்த இரண்டு பக்கங்களைத் திறந்து காட்டினாள். "ரெண்டு இடத்துலதான் வர்றா அக்கா. ரெண்டு தடவையும் பிரியாணியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுறா."

கொஞ்சம் சுமாராக

நாலாவது படிக்கும் தன் மகள் புத்தகத்தையே தொடுவதில்லை என்று ஓர் அம்மா வருத்தப்பட்டார். துப்பறியும் கதை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அவர் படியேறி வருவதைப் பார்த்ததும், நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். மகள் சாப்பிடும்போது படிக்கிறாளாம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து படிக்கிறாளாம். கணக்கு டியூஷனில் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்து, சார் வெளியே நிறுத்திவிட்டாராம்.

அப்படியானால் கொஞ்ச நாள் புத்தகமே வாங்க வேண்டாமே என்றேன். படிப்பது நல்ல பழக்கம், அதை நிறுத்தவும் மனசு வரவில்லை என்றார். அலமாரியை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க குடுத்தது ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம், அதான் பிரச்சனையே. அரைப் பரீட்சை முடியிற வரைக்கும் கொஞ்சம் சுமாரா ஒன்னு குடுங்க."

வாத்து அட்டை

இதில் தப்பு என்னுடையது. அஞ்சாவது படிக்கும் கார்த்தி என்ற பையனை அவன் அம்மா கூட்டி வந்தார். பையன் அலமாரி பக்கம் போனதும் என்னிடம் தணிந்த குரலில், இங்கிலீஷ் மீடியம், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான் என்றார். நான் சட்டென்று இரண்டாம் வகுப்புக்கான புத்தகம் ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அட்டையில் மூன்று வாத்துக் குஞ்சுகள். பக்கத்தில் அவன் வயசுப் பையன் ஒருவன் தடியான புத்தகத்தோடு நின்றிருந்தான். கார்த்தி அவனைப் பார்த்தான், வாத்தைப் பார்த்தான், புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். அம்மாவும் பின்னாலேயே போனார்.

நாலு நாள் கழித்து அந்த அம்மா மட்டும் வந்தார். அதற்குள் நான் ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். மழையில் நனைந்து வீணாய்ப்போன ஒரு சாகச நாவலின் அட்டையைக் கழற்றி வாத்துக் கதைக்கு மாட்டியிருந்தேன். எரிமலை, கயிற்றில் தொங்கும் பையன், எல்லாம் உண்டு. புத்தகம் விற்கிறவர்கள் செய்யக்கூடாத காரியம்தான், உங்களிடம் சொல்வதற்கென்ன. அதைக் கொடுத்தனுப்பினேன். ஒரு மாசம் கழித்துக் கார்த்தியே வந்தான். புத்தகத்தின் முனையெல்லாம் மடங்கியிருந்தது. "இதே மாதிரி எழுத்து பெருசா இன்னொன்னு வேணும் அக்கா. உள்ள வாத்து இருந்தாப் பரவாயில்ல. அட்டையில மட்டும் வேணாம்."

செவலை

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் செருப்பைப் படிக்குக் கீழேயே கழற்றிப் போட்டுவிட்டு மேலே வந்தார். அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமம். பெயர் ராமர் என்றார். அஞ்சாவது படிக்கிற மகளுக்குக் கதைப் புத்தகம் வேண்டும், மாடு வருகிற கதையாக இருக்கவேண்டும் என்றார். வீட்டில் வளர்த்த செவலைக் காளை வயிறு உப்பி இரண்டே நாளில் செத்துப்போனதாம். கன்றுக்குட்டியிலிருந்து அதற்குத் தண்ணி காட்டியது அந்தப் பிள்ளைதானாம். இப்போது யாரோடும் பேசுவதில்லை. கதைப் புத்தகம் கொடுத்துப் பாருங்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

அந்த வயசுக்கு எழுதிய மாட்டுக் கதை ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு பையனும் அவன் காளையும். எடுத்துக் கொடுத்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: முடிவில் மாடு உயிரோடு இருக்குமா? அதை நான் பாதிதான் படித்திருந்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நல்லபடியாகத்தான் முடியும் என்று சொல்லிவிட்டேன். அவர், எதற்கும் ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி ஜன்னல் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தார்.

விரலை வரிக்குக் கீழே வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்தார். பாண்டி டீ வாங்கி வந்து வைத்தார், அது ஆறிப் போனது. ஒரு பஸ்ஸை விட்டார், இரண்டாவதையும் விட்டார். நான் வேறு வேலை பார்ப்பதுபோல ஒரே அடுக்கை மூன்று தடவை அடுக்கினேன். கடைசிப் பக்கங்களுக்கு வந்ததும் அவர் விரல் நின்றுவிட்டது. மாடு செத்துவிட்டது என்று எனக்கு அப்போது புரிந்தது. படித்து முடித்து எழுந்து வந்தார். மன்னிச்சிருங்கண்ணே, நான் முழுசாகப் படிக்கவில்லை என்றேன். அவசரமாக முயல் கதை ஒன்றை எடுத்து நீட்டினேன். அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, கையிலிருந்ததையே என் பக்கம் நகர்த்தினார். "மாடு செத்துத்தான் போகுது. ஆனா மறுநா அந்தப் பய தொழுவத்தக் கூட்ட விடமாட்டேங்குறான். எங்க பிள்ளையும் எட்டு நாளா அப்படித்தான் பண்ணுது. இதையே குடுங்க."

அதற்குப் பிறகு பிள்ளைகள் புத்தகம் எது வந்தாலும் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் படிக்கிறேன்; மதுரையில் எல்லாக் கதைக்கும் முடிவு தெரிந்து, எந்தக் கதையிலும் ஆச்சரியப்பட வழியில்லாமல் போன ஆள் நான் ஒருத்திதான்.