பொடி போட்ட பாதங்கள்

எங்கள் தமிழ்ச் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளராக ஓர் அம்மா இருந்தார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு ஆராதனைக்கு வந்ததும் நேரே கடைசி பெஞ்சில் போய் உட்காருவார். முன்னால் இடம் காலியாகத்தான் இருக்கும். யாராவது எழுந்து போய் அவரை முன்னால் வரும்படி கூப்பிட வேண்டும். "எனக்கு இதுவே போதும்மா, ஆண்டவர் தாழ்மையைத்தானே சொல்லியிருக்கார்" என்று நாலு பெஞ்சுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, மெதுவாக எழுந்து முதல் வரிசைக்கு வருவார். யாரும் கூப்பிடாத ஒரு ஞாயிறன்று அவர் முகம் போன போக்கை நான் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பெரிய வீட்டின் பின்பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். நான் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். சீஷர்களின் கால்களை இயேசு கழுவியதைப் பற்றி எங்கள் சபைப் போதகரான ஐயர் ஒருநாள் உருக்கமாகப் பிரசங்கம் செய்தார். அதைக் கேட்ட சூட்டில் ஐக்கியத்தின் ஊழியக் குழுவில் பெயர் கொடுத்துவிட்டேன்.

சந்தாபுராவுக்குக் கொஞ்சம் முன்னால், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஓர் இல்லம் இருந்தது. ஆள் இல்லாத பெண்களும், ஆள் இருந்தும் எட்டிப் பார்க்கப்படாத பெண்களும் அங்கே படுத்துக் கிடந்தார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை வேனில் போவோம். வாசலிலேயே பினாயிலும் மூத்திரமும் பழைய சாம்பாரும் கலந்த வாடை வந்து மூக்கில் அடிக்கும். வேனை விட்டு இறங்கும்போதே எங்கள் பெண்கள் கைக்குட்டையில் சென்ட் தெளித்துக்கொள்வார்கள். ஒரு கட்டிலுக்கு ஒரு வாழைப்பழம். இரண்டு பாட்டு. பிறகு எல்லாரும் கண்ணை மூட வேண்டும், செயலாளர் அம்மா ஜெபிப்பார். முக்கால் மணி நேரத்தில் வேன் திரும்பிவிடும். குளிப்பாட்டுவது, பேன் பார்ப்பது, பீத்துணி அலசுவது எல்லாம் இரண்டு ஆயாக்களின் வேலை.

முதல் தடவையே அது நடந்தது. ஜெபம் பாதியில் இருக்கும்போது மூலைக் கட்டிலிலிருந்து ஒரு குரல்.

"யாராச்சும் வாங்களேன். துணியெல்லாம் நனைஞ்சி போச்சி."

செயலாளர் அம்மா குரலை உயர்த்தி ஜெபித்தார். அந்தக் குரலும் உயர்ந்தது. இவர் இன்னும் உயர்த்தினார். ஏதோ போட்டி போல இருந்தது. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். சுற்றிலும் எல்லாரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்கள். ஆயாக்களைக் காணோம்.

எழுந்து போனேன். அறுபதை ஒட்டிய பெண். சர்க்கரை வியாதி. வலது கால் பாதத்தில் பெரிய கட்டு. தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவரின் மனைவி என்று பிறகு தெரிந்தது. எங்கள் அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். சேலையை அவிழ்த்து, விரிப்பை உருவி, தண்ணீர் கொண்டுவந்து துடைத்தேன். மூச்சை அடக்கித்தான் செய்தேன்.

"இன்னாமே, மூஞ்ச அப்டி வச்சிக்கினு கீற? நாத்தம்னா போ. நானா உன்னக் கூட்டேன்?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க?"

"ஆமா, கூட்டேன்தான்" என்று ஒப்புக்கொண்டார். சிரிக்கவில்லை. "ஜெபம் கிபம் பண்ணாத. அந்த வாளிய இப்டி நவுத்து."

வேலை முடிந்ததும் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். சொல்லவில்லை. என்னவோ அதனாலேயே மறுவாரமும் போனேன், மார்க்கெட்டில் பஸ் மாறி, தனியாக. கட்டை மாற்றக் கற்றுக்கொண்டேன். அந்தப் புண்ணின் வாடைக்கு மட்டும் பழகவே இல்லை. அன்பு வந்தால் அருவருப்பு போய்விடும் என்று பிரசங்கங்களில் சொல்கிறார்கள். எனக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கும்போதுகூட விரல்களை முகர்ந்து பார்த்துக்கொள்வேன்.

அடுத்த ஆண்டு, இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிய நாளான பெரிய வியாழனுக்குச் செயலாளர் அம்மா ஒரு திட்டம் போட்டார். இல்லத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரின் கால்களை ஐக்கியத்துப் பெண்கள் கழுவ வேண்டும். சபை இதழுக்குப் படம் எடுக்க ஒரு ஸ்டுடியோக்காரர். வெள்ளை எனாமல் பேசின், எவர்சில்வர் ஜக், புது டர்க்கி டவல். முழங்கால் படியிடும்போது வலிக்காமல் இருக்கக் குஷன்.

நான் டவல்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆயா என்னைக் கடந்து போனபோது சொன்னாள்: "காலையிலேர்ந்து கால் தேய்ச்சித் தேய்ச்சி என் கை போச்சு, மேடம்." எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு கூடத்துக்குள் போய்ப் பார்த்தேன். நாற்காலிகளில் பன்னிரண்டு பெண்கள். நகம் வெட்டி, பித்தவெடிப்பைக் கல்லால் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, மேலே பவுடர் வேறு பூசப்பட்ட பாதங்கள். கழுவுவதற்கு முன்னாலேயே கழுவி வைத்திருந்தார்கள். புண் இல்லாதவர்களாக, படத்தில் பார்க்க நன்றாக இருப்பவர்களாகப் பொறுக்கியிருந்தார்கள்.

பாட்டு ஆரம்பித்தது. செயலாளர் அம்மா இடுப்பில் டவலைச் சுற்றிக்கொண்டு குஷனில் முழங்கால் போட்டார். இரண்டு மூன்று பேரின் பாதத்தில் தண்ணீர் ஊற்றினார். ஃப்ளாஷ் அடித்தது. அப்போதுதான் என் மூலைக் கட்டில்காரர் கோலை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"கால் கழுவுறாங்களாமே? எனக்கும் காலு கீது."

ஆயா தடுக்கப் போனாள். செயலாளர் அம்மா புன்னகை மாறாமல் சொன்னார்: "உங்களுக்குப் புண்ணு இருக்கில்லம்மா, தண்ணி பட்டா இன்ஃபெக்ஷன் ஆயிடும். அடுத்த வருஷம் பாப்போம்."

"அடுத்த வருசம் நான் இருந்தா காலு இருக்குமோ இன்னாவோ."

சொல்லிக்கொண்டே வந்து, அப்போதுதான் ஒருவர் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தார். குனிந்து தானே கட்டை அவிழ்த்தார். சீழில் ஊறிய கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த வாடை கூடம் முழுவதும் பரவியது. செயலாளர் அம்மாவின் கை, அவருக்கே தெரியாமல், மூக்குக்குப் போனது. பாட்டு ஒவ்வொரு குரலாகக் குறைந்து நின்றது. ஸ்டுடியோக்காரர் கேமராவை இறக்கினார்.

"ஆயா!" என்று கத்தினார் செயலாளர் அம்மா. எழுந்துகொள்ளப் பார்த்து, டவல் காலில் தடுக்கித் தடுமாறினார்.

"நீ எதுக்கும்மா கஷ்டப்பட்டுக்கினு? தள்ளு. என் கால நானே கழுவிக்கிறேன்."

ஜக்கை எடுத்து ஊற்றிக்கொண்டார். அவசரமே இல்லை. குதிகால், விரல் இடுக்கு, புண்ணின் ஓரம். பேசின் தண்ணீர் நிறம் மாறியது. என் பக்கம் கையை நீட்டினார். ஒரு டவலைக் கொடுத்தேன். துடைத்துக்கொண்டு, அந்தப் புது டவலைத் தோளில் போட்டுக்கொண்டு, கோலை ஊன்றிப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பும் குமட்டலும் சேர்ந்து வந்தன.

பிறகு நடந்ததுதான் எனக்குத் தாளவில்லை. பேசின் தண்ணீரைக் கொட்டி, டெட்டால் ஊற்றி அலம்பி, நாற்காலியைத் துடைத்து, விட்ட இடத்திலிருந்து பாட்டை மறுபடி ஆரம்பித்தார்கள். மீதிப் பாதங்களையும் கழுவி முடித்தார்கள்.

உயிர்த்தெழுதல் ஞாயிறன்று செயலாளர் அம்மா சாட்சி சொல்ல எழுந்தார். "சீழ் வடியுற காலை ஒரு தாயார் எனக்கு முன்னால நீட்டினாங்க. அந்தக் கால்ல நான் ஆண்டவரையே பார்த்தேன்" என்றார். குரல் உடைந்தது, கண்ணீர் நிஜமாகவே வந்தது. சபை மொத்தமும் "அல்லேலூயா" என்றது. அன்று இல்லத்துக்கு வந்திருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் தலையைக் குனிந்து அல்லேலூயா சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் அவரிடம் கேட்டேன். "ஆன்ட்டி, அந்தக் காலை நீங்க கழுவலையே?"

அவர் என் தோளில் கை வைத்தார். "மகிமை ஆண்டவருக்குப் போகுது, அதாம்மா முக்கியம். உன் மனசுல ஏன் இவ்வளவு கசப்பு? தாழ்மைக்காக ஜெபம் பண்ணு."

அந்தக் கையை உதற வேண்டும் போலிருந்தது. சீழுக்குக்கூட என் உடம்பு அப்படிக் கூசியதில்லை. ஐக்கியத்திலிருந்து விலகிக்கொண்டேன். ஐயர் ஒருமுறை காரணம் கேட்டார், எல்லாவற்றையும் சொன்னேன். "அவங்களும் நல்லதுதானேம்மா செய்யிறாங்க" என்று சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த மழைக்காலத்தில் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் மூலைக் கட்டில்காரரின் காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து என்னைப் பார்த்ததும், "இனிமே உனக்குப் பாதி வேலதான்" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அதற்குப் பிறகும் சில வருடம் இருந்தார். கடைசி வரை நன்றி என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை, நானும் அவர் கட்டிலருகே ஜெபித்ததில்லை. இருவருக்கும் அது சௌகரியமாக இருந்தது. அவரை அடக்கம் செய்தபோது ஆயாக்களும் நானும்தான் இருந்தோம்.

இன்றும் பெரிய வியாழன் ஆராதனைக்கு மட்டும் நான் போவதில்லை. லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறி இல்லத்துக்குப் போய்விடுவேன். அங்கே துவைக்க எப்போதும் ஏதாவது கிடக்கும்.