முந்திக்கொண்ட சாட்சி

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் நின்றுபோய் நான்கு மாதம் ஆகியிருந்தது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் ஓட்டியவர். என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பழகிய தொண்டை. சபையில் அவர் பாட ஆரம்பித்தால் மைக் எதற்கு என்று கேலி செய்வார்கள். பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொல்லிவிட்டார். அந்த இரண்டாவது பாதி என் காதில் ஏறவே இல்லை.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் ஒன்றையும் நான் விடவில்லை. எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. கேட்ட காரியம் நடக்கும் முன்பே, நடந்துவிட்டது என்று நம்பி எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து, என் வீட்டுக்காரர் பேசிவிட்டார், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டேன். விசுவாசத்தில் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்த்தால் விசுவாசம் குறைந்துவிடுமோ என்று பயம்.

ஆராதனை முடிந்ததும் ஏழெட்டுப் பெண்கள் அவர் குரலைக் கேட்க என்கூடவே வந்துவிட்டார்கள்.  வீடு போய்ச் சேர்வதற்குள் ஆண்டவர் செய்துவிடுவார் என்று ஒரு நப்பாசை. கட்டிலில் சாய்ந்திருந்தவரைச் சுற்றி நின்றுகொண்டு, ஒரே ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்கள் அண்ணே என்று கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாய் கோணி, கழுத்து நரம்பு புடைக்க முயன்று பார்த்தார். எச்சில்தான் வழிந்தது. வந்தவர்களில் ஒருத்தி துடைத்துவிட்டாள்.  எல்லோரும் சீக்கிரமாகக் கிளம்பிப் போனார்கள்.

அவர் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தேன். மனப்பாடமாக வரும் ஜெப வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. ஆண்டவரிடம் நேராகச் சண்டைக்குப் போனேன்.

"இன்னா பாத்துக்கினு இருக்கற? உன்ன நம்பித்தான சொன்னேன்? எனக்கு அவமானம் வந்தா பரவால்ல. இந்த மனுசன ஏன் நாலு பேர் முன்னாடி அசிங்கப்பட வச்ச? உன்ன பாடின வாய்தான அது?"

கட்டிலில் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே எனக்கு உறைக்கவில்லை. திட்டித் தீர்த்து மூச்சு வாங்கியபோது, இடது கையை என் பக்கம் நீட்டினார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் என் முந்தானையைத் தேடிப் பிடித்து இழுத்தார். முக்காடு போடாமல் எங்கள் சபைப் பெண்கள் ஜெபிக்க மாட்டார்கள். இரண்டு முறை நழுவி, மூன்றாம் முறை அது என் தலைமேல் வந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நான் மேற்கொண்டு சொல்வதற்காகக் காத்திருந்தார்.