பத்துக்குப் பத்து

தீவுக்கு வந்து ஹட் பேயில் குடியேறிய புதிதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். பண்ணை ஆபீசில் கிளார்க்; இந்தி வேறு பேசுவேன். அதனால் கப்பலில் வந்து இறங்கிய இளம் டாக்டர், வீடு வீடாகக் கேள்வி கேட்க என்னைக் கூட்டிக்கொண்டார். கேள்வி ஒன்றுதான்: உங்கள் உடம்பை நீங்களே பார்த்துக்கொள்ளும் தைரியத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க்? அதிக மார்க் சொல்பவரிடம் மருந்துப்பெட்டியைக் கொடுத்துவிட்டு அவர் கப்பலேறிவிடுவார்.

எனக்கு நானே பத்து போட்டுக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா தூத்துக்குடிப் பக்கம். எங்கள் வரிசையில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில்தான் பிறந்தன. பூரான் கடியா, பேதியா, எல்லோரும் அவர் வாசலில்தான் நிற்பார்கள். அவரோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார்: "தைரியமா இருக்கேன்னு சொன்னா கண்ணு பட்டுரும்லா தம்பி. தோ நம்பர் போதும்."

அவர் சொன்னது இரண்டு மார்க். இந்தியில் 'தோ நம்பர்' என்றால் கள்ளச்சரக்கு என்றும் அர்த்தம். டாக்டர் சிரித்துக்கொண்டே இரண்டு என்று எழுதினார். அக்கா யார் என்று நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். பெட்டி மேல் ஆசை; வாயைத் திறக்கவில்லை. பெட்டி எனக்கே வந்தது.

மழை பிடித்துக் கப்பல் வராத வாரத்தில், என் மகளின் காலில் மூங்கில் சிராய் ஏறிச் சீழ் வைத்தது. காய்ச்சலில் பிள்ளை பினாத்தினாள். பெட்டியைத் திறந்து பாட்டில்களின் இங்கிலீஷையெல்லாம் பிழையில்லாமல் வாசித்தேன். எதை எடுப்பதென்றுதான் தெரியவில்லை. வெட்கத்தை விட்டுப் பெட்டியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன்.

அவர் வெந்நீரில் காலை ஊறவைத்து, கொதிக்கவைத்த ஊசியால் சிராயை எடுத்தார். டிங்சரை நிறத்தைப் பார்த்தே எடுத்துத் தடவினார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நான் வெளிப்படையாகவே அழுதேன். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

டாக்டர் திரும்பி வந்து அதே கேள்வியைக் கேட்டார். மூன்று என்றேன். பத்திலிருந்து மூன்றா என்று மனிதருக்கு முகம் வாடிவிட்டது. அக்காவின் முறை வந்தபோது நடந்ததையெல்லாம் சொல்லி, மகளின் காலையும் காட்டினேன். மார்க்கை அவரவர் வாயால் சொன்னால்தான் எழுதலாம் என்றார் டாக்டர். கூட்டிச் சொல்லும்படி நான் அக்காவைக் கெஞ்சாத குறை.

"தோ நம்பர்தான் சார்," என்றார் அக்கா.

டாக்டர் அதற்கு எதிரே 'முன்னேற்றம் இல்லை' என்று எழுதினார்.