புறா விரட்ட ஒரு பச்சை லேசர்

புறாவைச் சமாதானத்தின் அடையாளம் என்று முதலில் சொன்னவன் எவனோ, அவன் ஐயப்பன்தாங்கலில் இரண்டாம் மாடியில் குடியிருந்திருக்க மாட்டான். எங்கள் பால்கனியில் துணி காயப்போட முடியாது. துளசித் தொட்டியில் முட்டை, ஏ.சி. பெட்டி மேல் எச்சம், விடிந்தால் குர்ர் குர்ர் என்று முனகல். நான் துடைப்பத்தோடு ஓடுவேன். அவை பக்கத்து பிளாட் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்துகொண்டு, நான் உள்ளே போகும்வரை என்னையே பார்க்கும். என் மனைவி சமையலறையிலிருந்து சொல்வாள்: "நீங்க புறா கூட மல்லுக்கட்டுறத யாராவது வீடியோ எடுத்து அசோசியேஷன் குரூப்புல போடப் போறாங்க, பாருங்க."

வலை அடித்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்வது. வலைக்காரர் வந்து அளந்து பார்த்து ஒரு தொகை சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. "கூண்டுக்குள்ள உக்காந்து காப்பி குடிக்க நான் என்ன கரடியா?" என்று அவரிடமே கேட்டு அனுப்பிவிட்டேன். வாய்க்கொழுப்பு எனக்குப் பிறவியிலேயே உண்டு.

எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மாடி வீடு. அதில் இருப்பவர் அரசு பஸ் டிரைவர். இங்கே டிப்போவில்தான் வேலை. மொட்டை மாடியில் நாலைந்து ஜோடிப் புறா வளர்க்கிறார். சாயங்காலம் பணி முடிந்து வந்தால், கைலியோடு மாடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார். வானத்தில் சுற்றுகிற புறாக்கள் ஒவ்வொன்றாக இறங்கிக் கூண்டுக்குள் போன பிறகுதான் கீழே போவார். ஒருநாள் நான் பால்கனியிலிருந்தே கத்தினேன்: "உங்க புறாவ அடக்கி வைங்க. எங்க வீட்டத்தான் கக்கூஸ் ஆக்கி வச்சிருக்கு."

அவர் கோபப்படவில்லை. "இன்னா சார் இப்டி சொல்லிட்ட? உங்காண்ட வர்றது காட்டுப் புறா சார். நம்மளுது ஊடு மாறாது. பொழுது சாஞ்சா கரெக்டா கூண்டாண்ட வந்து நிக்கும்" என்றார். நான் நம்பவில்லை. இவ்வளவு நிதானமாகப் பேசுகிறவன் பொய்தான் சொல்வான் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

லேசர் யோசனை தொழிற்சாலையில் கிடைத்தது. மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் தர ஆய்வாளராக இருக்கிறேன். வெளியிலிருந்து வருகிற உதிரிபாகங்களை அளந்து பார்த்து, சரியென்றால் பச்சை ஸ்டிக்கர், தவறென்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. பெட்டி மேல் ஒட்டிய சீட்டில் ஒன்றும் உள்ளே வேறொன்றும் இருந்தால், உள்ளே இருப்பது தங்கமாகவே இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். சப்ளையர்கள் என்னை வாய்க்குள் திட்டுவது எனக்குத் தெரியும், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. எங்கள் குடோன் கூரையில் அடைந்த புறாக்களை வாட்ச்மேன் ஒரு பச்சை லேசரை அடித்து விரட்டுவதைப் பார்த்தேன். சத்தமில்லை, கல் இல்லை. கம்பு மாதிரி ஒரு பச்சைக் கோடு நீண்டு வருவதாக நினைத்து அவை பறந்துவிடுகின்றன. அன்று இரவே தேட ஆரம்பித்தேன்.

தரமாகவும் இருக்க வேண்டும், கையையும் கடிக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒரே கடையில் கிடைக்காது என்று தெரிந்தும் தேடுகிறவன்தான் நடுத்தர வர்க்கத்துக்காரன். பேனா அளவில் சல்லிசாகக் கிடைத்த முதல் லேசரை வாங்கினேன். கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் புள்ளி மங்கித் துடித்தது. திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு படிக்க ஆரம்பித்தேன். பச்சை வெளிச்சம் அதற்குள் நேராகப் பிறப்பதில்லையாம். கண்ணுக்குத் தெரியாத வேறொரு கதிரைச் சின்னப் படிகத்துக்குள் விட்டுத்தான் பச்சையை எடுக்கிறார்கள். மலிவுச் சரக்கில் அந்தக் கதிரைத் தடுக்கிற வடிகட்டி இருக்காது, பச்சையோடு அதுவும் சேர்ந்து வெளியே வரும். மேலே ஐந்து மில்லிவாட் என்று ஒட்டியிருப்பார்கள், உள்ளே அதைப்போல இருபது மடங்கு இருக்கும். இதையெல்லாம் படித்துக் கரைத்துக் குடித்தேன். சாப்பாட்டு வேளையில் சக ஊழியர்களுக்கு வகுப்பே எடுத்தேன்.

கடைசியில் இரண்டு கைக்கு வந்தன, ஏறக்குறைய ஒரே விலை. ஒன்றில் வடிகட்டி இருந்தது. சோதித்த சீட்டும் கூடவே வந்தது, சொன்ன அளவுதான் உள்ளேயும் இருந்தது. பால்கனியிலிருந்து அடித்துப் பார்த்தால், பொழுது சாயும்முன் புள்ளியே தெரியவில்லை. புறா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொன்றின் மேலும் ஐந்துக்குக் கீழே என்றுதான் ஒட்டியிருந்தது. அடித்தால் எதிர் பிளாக் தண்ணீர்த் தொட்டியில் போய்ப் பளீரென்று விழுந்தது. சீட்டு பொய் என்பது அந்த வெளிச்சத்திலேயே தெரிந்தது. கறுப்புத் தாளுக்குக் கிட்டத்தில் பிடித்தேன், லேசாகப் புகைந்தது. உண்மை எழுதியதைத் திருப்பி அனுப்பினேன். பொய் எழுதியதை வைத்துக்கொண்டேன்.

வேலை செய்தது, அதுதான் கொடுமை. காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை கைப்பிடிச் சுவர் நெடுக ஒரு கோடு இழுப்பேன், கூட்டம் கலைந்து ஓடும். ஒரு வாரத்தில் துணி காயப்போட முடிந்தது. "புறாவுக்கு டார்ச் அடிக்கிற வேலைக்கா எங்கப்பா மாப்பிள்ளை பார்த்தார்" என்றாள் மனைவி. ஆனாலும் அவளுக்கும் சந்தோஷம்தான். சுவரைத் தாண்டி அந்தக் கோடு எங்கே போகிறது என்று அவள் ஒரு நாள் கேட்டாள். "வானத்துக்கு" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவர் எங்கள் வீட்டு மணியை அடித்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை, கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நான் மார்பை நிமிர்த்திக்கொண்டேன்.

"சார், கொஞ்சம் பேசணும். ஊட்ல யாருக்கும் தெரியாது" என்றார்.

உட்காரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "சோத்தாங்கை பக்கத்துக் கண்ணுல ஒரு பொட்டு நிக்குது சார். எங்க பாத்தாலும் கூடவே வருது. போர்டு படிச்சா நடுவுல ஒரு எழுத்து காணாம பூடுது. அடுத்த மாசம் எங்களுக்கு கண்ணு டெஸ்டு கீது. டிப்போல ஒருத்தனுக்கு சக்கர வந்து கண்ணு போயி, ஸ்டியரிங்க புடுங்கிட்டு ஆபீஸ்ல ஒக்கார வச்சிட்டாங்க. எனக்கும் சக்கரதான் போல. நீங்க படிச்சவரு. நெட்ல பாத்து சொல்லுவீங்கன்னு வந்தேன். வேற யாராண்ட போயி கேக்கறது, தெர்ல."

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"வியாழக்கெழம சாயங்காலம். ஒரு பொட்டப் புறா மட்டும் எறங்கல. அதப் பாத்துகினே நின்னேன். பளிச்சுனு பச்சையா ஒன்னு. மின்னலு மாதிரி. அப்பால இருந்துதான்."

வியாழக்கிழமை சாயங்காலம் நான் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். மனைவி காப்பியோடு வந்து நின்றிருந்தாள். அவளும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்து, எதையோ தேடுகிற மாதிரி விரலால் தள்ளிக்கொண்டே, "பார்த்துச் சொல்றேங்க, சர்க்கரைக்கு இப்படி வரும்னுதான் நினைக்கிறேன்" என்றேன். எனக்குள் இருந்த ஆய்வாளன் எந்த மூலையில் போய் ஒளிந்தானோ.

மனைவி டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். பால்கனிக்குப் போனாள். திரும்பி வந்து, லேசரை டீப்பாய் மேல் என் காப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது.

சொன்னேன். புறாவை விரட்ட வாங்கியது, அந்தச் சாயங்காலம் அடித்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் லேசரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அடிக்குத் தயாராக இருந்தேன். நாலு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ சக்கர இல்லியா சார்?" என்றார்.

"இல்லேன்னுதான் தோணுது."

"மாதாவே!" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மூணு நாளா தூக்கமே இல்ல சார். சொல்லிட்ட பாரு, ரொம்ப தேங்ஸ்." என் கையைப் பிடித்துக் குலுக்கினார். யாருக்கு யார் நன்றி சொல்வது? என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அவரை ஸ்கூட்டரில் பூந்தமல்லி சாலையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பின்னால் உட்கார்ந்து, வழியெல்லாம் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். தினமும் அத்தனை பேரை ஏற்றி ஓட்டுகிற மனிதர். டாக்டர் சின்னப் பெண். சொட்டு மருந்து விட்டு, வெகுநேரம் பார்த்தார். விழித்திரையில் ஒரு சின்னத் தீக்காயம், நட்டநடுவில் இல்லை, மயிரிழை தள்ளி, என்றார். மருந்து எதுவும் கிடையாது, பெரும்பாலும் சில வாரங்களில் குறையும், காத்திருந்துதான் பார்க்க வேண்டும், அதுவரை வண்டி ஓட்டக் கூடாது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"லேசர் எத்தனை பவர்?"

"ஐந்துக்குக் கீழேன்னு போட்டிருக்கு."

"ஐந்துக்கு இப்படி ஆகாது சார். போட்டிருக்கிறது பொய்."

"ஆமா டாக்டர்."

"வாங்கும்போதே தெரியுமா?"

டிரைவர் பக்கத்து நாற்காலியில், கண்ணில் மருந்தோடு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தெரியும்" என்றேன். டாக்டர் சீட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். இன்றைக்கும் கம்பெனியில் ஸ்டிக்கரைக் கையில் எடுத்தால் அந்தப் பார்வைதான் ஞாபகம் வருகிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவனாவது தன் வீட்டைக் கொளுத்தினான். நான் அடுத்தவன் வீட்டையல்லவா கொளுத்தியிருக்கிறேன்.

வெளியே வந்ததும், லீவில் போகும் நாட்களுக்குச் சம்பளத்தை நான் தருகிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் என்னிடம் கோபப்பட்டது அப்போது மட்டும்தான்.

"சம்பளத்த நீ குடுப்ப சார். ஸ்டியரிங்க எவன் குடுப்பான்?"

ஸ்கூட்டரில் கொஞ்சதூரம் போனதும், என் தோளைப் பிடித்தபடியே அவரே சொன்னார்: "ஊட்லயும் டிப்போலயும் வெல்டிங் பட்டறையில வேடிக்கை பாத்தேன்னு சொல்லிக்கிறேன். லேசருன்னா போலீசு, கேசுன்னு இழுத்துவுட்டுடுவாங்க. நீயும் பிள்ளகுட்டிக்காரன்." என்னால் ஸ்கூட்டரை ஓட்ட முடியவில்லை. ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி, டீ வேண்டுமா என்று கேட்டேன். எனக்கு வேறென்ன கேட்கத் தெரிந்தது?

அந்த வாரம் கம்பெனியிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கர் கொண்டுவந்து லேசர் மேல் ஒட்டினேன். மனைவி பார்த்தாள். "ரொம்ப சீக்கிரம் ஒட்டிட்டீங்க" என்றாள். சுத்தியலை எடுத்துவந்து அதை நசுக்கினேன். வலைக்காரரைக் கூப்பிட்டு, அவர் சொன்ன தொகைக்குப் பேரம் பேசாமல் வலை அடித்தேன். கரடி கேள்வியை அவர் மறக்கவில்லை என்பது அவர் சிரிப்பிலிருந்து தெரிந்தது.

ஒவ்வொரு சாயங்காலமும் வலைக்குப் பின்னால் நின்று டிரைவர் வீட்டு மாடியைப் பார்ப்பேன். அவர் அண்ணாந்து நிற்பார், ஒரு கையால் இடது கண்ணை மூடிக்கொள்வார். புறாக்களை எண்ணுகிறாரா, கண்ணைச் சோதிக்கிறாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. டெஸ்டு நாள் நெருங்கியது. டாக்டர் மறுபடி பார்த்து, வடு குறைந்துவிட்டது, ஓட்டலாம் என்றார். டெஸ்டிலும் தேறிவிட்டார். சேதி சொல்ல வந்தபோது கையில் இனிப்புப் பொட்டலம் இருந்தது. அதில் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

போன மாதம் காலையில் வேலைக்குப் போக பஸ் ஏறினேன். நிற்க இடமில்லாத கூட்டம். ஸ்டியரிங்கில் அவர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார்.

"சார்! முன்னாடி வா சார்!" என்று கத்தினார். கண்டக்டரிடம், முன் சீட்டுக்காரர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: "மச்சான், நான் சொல்லுவேனே, அந்த சார் இவருதான். கண்ணு போச்சுன்னு நான் ஒக்காந்துகினு இருந்தப்போ வண்டில ஏத்தி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாரு. கூடவே இருந்தாரு. இந்தக் காலத்துல எவன் சார் செய்வான்?"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முன் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். வேண்டாம் என்றேன், கையைப் பிடித்து உட்கார வைத்தார். உட்கார்ந்தேன். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் டிரைவர் சொன்ன வெல்டிங் பொய் வெளியே வரும். சொல்லாவிட்டால் அந்தப் பெரியவர் விட்டுத் தந்த இடம் சுடுகிறது.

சிக்னலில் வண்டி நின்றது. அவர் ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு, முன்னால் நின்ற லாரியின் நம்பர் பிளேட்டை உதடு அசையப் படித்தார். ஒரு முறை படித்தார், மறுபடியும் படித்தார். கையை எடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினார். அடுத்த சிக்னலிலும் அப்படியே செய்தார். அதற்கடுத்த நிறுத்தத்தில் நான் எழுந்து இறங்கிவிட்டேன். என் கம்பெனி அங்கிருந்து வெகுதூரம். "இன்னும் எடம் வர்லியே சார்" என்று ஜன்னல் வழியாக அவர் கூப்பிட்டார்.