தாய்மாமன் பெயருக்கு முன்னால்

டி.டி.பி. தொழிலில் நாம் அடிப்பது குறைவு; முன்பே அடித்ததை எடுத்து ஒட்டுவதுதான் அதிகம். ஸ்ரீரங்கத்தில் கடை வைத்திருக்கும் எனக்கு நடந்தது, இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் நடந்திருக்கலாம்.

மூடினால் போச்சு

பழைய கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்ட புதிது. உறையூர் சண்முகம் தன் மகள் கல்யாணப் பத்திரிகைக்கான பெயர்களைப் பென்டிரைவில் கொண்டுவந்தார். காப்பி செய்துவிட்டு, அந்த ஃபைலை மூடிவிட்டு ஒட்டப் போனால் ஒன்றும் வரவில்லை. எடுத்த இடத்தை மூடினால் எடுத்ததும் போய்விடுமாம். இது என்ன நியாயம் என்று விழித்தேன்.

"மெதுவா பாருங்க சார். பல வருஷமா பேசாத என் மச்சான் இப்பதான் வர்றேன்னு சொல்லியிருக்கார். அவர் பேரு மட்டும் விட்டுப்போயிடக் கூடாது."

எடுத்ததும் தொட்டதும்

காப்பி செய்வதையெல்லாம் வரிசையாகச் சேமித்து வைக்கும் கிளிப்போர்டு நிரல் ஒன்றை அன்றே நிறுவினேன். லினக்ஸில் இன்னொரு விஷயம் உண்டு: மவுஸால் தேய்த்துத் தேர்ந்தெடுத்தாலே அந்தச் சொல் தனியாக ஒரு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், மவுஸின் நடுச்சக்கரத்தை அழுத்தினால் காட்டும் இடத்தில் வந்து விழும். இரண்டையும் ஒன்றாக்கவா என்று நிரல் கேட்டது. புரியாமலே டிக் செய்தேன். அதன்பிறகு பட்டியலில் பாதி, நான் எப்போது தொட்டேன் என்றே தெரியாத சொற்கள்.

என் ஆபரேட்டர் கலா எட்டிப் பார்த்தாள். "நமக்கு எது வேணும்னு நமக்கே தெரியல, அதுக்கு எப்படி சார் தெரியும்?"

தெய்வத்திரு

காலமானவர்களின் பெயருக்கு முன் 'தெய்வத்திரு' போடுவோம். சண்முகத்தின் அப்பாவுக்குப் போட்டேன். புரூஃப் சண்முகத்தின் வாட்ஸ்அப்புக்குப் போனது; அவர் படிக்காமலே குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டார். அதில் அவர் சொன்ன அந்த மச்சான், பெண்ணின் தாய்மாமன் கோவிந்தனும் 'தெய்வத்திரு' ஆகியிருந்தார். நிரலைத் திறந்து பார்த்தேன். அந்தச் சொல் முதல் வரியிலேயே இருந்தது. சக்கரத்தை அழுத்தியது என் விரலா, கலாவின் விரலா? எதை எடுத்தோம் என்று நிரலுக்கு நினைவிருக்கிறது. யார் எங்கே ஒட்டினார்கள் என்று இல்லை.

போனில் சண்முகம் சத்தம் போடவில்லை. "வர்றேன்னு சொன்ன மனுஷனைக் கொன்னுட்டீங்களே சார்."

காட்டூர்க்காரர்

மறுநாள் காட்டூரிலிருந்து கோவிந்தனே வந்து நின்றார். நான் நிரல், சக்கரம் என்று ஏதோ உளறினேன். அவர் காதில் வாங்கவில்லை. திருத்தியதைக் காட்டச் சொன்னார். திரையில் தன் பெயரை இரண்டு முறை படித்தார்.

"அந்த வீட்டுக்கு இத்தனை வருஷமா நான் அப்படித்தாங்க இருந்தேன். அதான் எடுத்துட்டீங்கள்ல, அடிச்சுக் குடுங்க. சீர் எடுத்துட்டுப் போகணும்."

அந்த நிரலில் 'மூடும்போது அனைத்தையும் மறந்துவிடு' என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. டிக் செய்வதா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.