பெல்ட்டின் கடைசி நுனி

வெள்ளவத்தையில் நானும் மகளும் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். பள்ளிக்கூடம் நான் கண்டது கொஞ்சம்தான். ஆனால் என் இடியப்பத்தில் குறை சொன்ன ஆளை இன்னும் காணவில்லை. குறை எங்கள் பழைய வான் வண்டியில்தான். ஒரே மாதத்தில் மூன்று தரம் நடுத்தெருவில் நின்றுவிட்டது.

"இன்னொருக்கா ஆறிப்போய் வந்தா வேற ஆளைப் பாப்பன், அக்கா" என்று கல்கிசைக் கடைக்காரர் சொல்லிவிட்டார். எங்களுக்குப் பெரிய ஓடர் தருகிறவர் அவர்தான். ஆரும் பாவித்த பழையதென்றாலும் நம்பி ஓடக்கூடிய ஒரு சின்ன ஜீப் உடனே வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் வாகனம் விற்கிற இடமொன்றுக்குப் போனோம். ஒரு வெள்ளை ஜீப் புதுசு போல மினுங்கியது. மகள் ஏறி உட்கார்ந்தவள் ஸ்டியரிங்கை விடவே இல்லை. நான் பின் சீட்டில் ஏறி, சீட் பெல்ட்டைப் பிடித்து, முடியும் வரைக்கும் இழுத்தேன்.

"என்ன அம்மா, பெல்ட்டிலயா ஜீப் ஓடுது?" என்று விற்பனைக்காரர் சிரித்தார்.

"பொறுங்கோ தம்பி."

பெல்ட்டின் கடைசிப் பக்கம் ஒரு சாண் அளவுக்குச் சேறு காய்ந்து கிடந்தது. கலியாணம் முடித்த புதிதில் நான் மழைக்கு மழை வெள்ளம் ஏறும் முகத்துவாரத்தில் இருந்தவள். வெள்ளம் வடிந்த வீட்டில் அலுமாரியை எத்தனை தரம் கழுவினாலும் இழுப்பறைக்குப் பின்னால் சேறு ஒளிந்திருக்கும்.

"இது வெள்ளத்துக்குள்ள நிண்ட ஜீப். எல்லாம் கழுவினனீங்கள், இதை மறந்திட்டியள்."

அவர் தலையைச் சொறிந்தார். மகள் மனமில்லாமல் இறங்கினாள்.

அடுத்த ஜீப் எங்கள் பக்கத்து ஒழுங்கையிலேயே கிடைத்தது, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவருடையது. நிறம் மங்கல், கதவில் ஒரு கீறல். நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதலே சொல்லியிருந்தேன்; சூடான எஞ்சின் தன் நோயை மறைத்துவிடும். பொனட்டில் கை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. மகள் திறப்பைத் திருப்பினாள். எஞ்சின் ஒரே தரத்தில் பிடித்தது. பெல்ட்டும் நுனிவரை சுத்தம். கையோடு கூட்டிவந்த எங்கள் மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

எனக்கு ஜீப் பிடித்துவிட்டது. முகத்தில் காட்டவில்லை.

"எடுப்பமா அம்மா?"

"ஓம் எண்டு சொல்லு. வேற ஆரும் வாறதுக்கு முதல்."

ஜீப் கைக்கு வந்த மறுநாள் காலை காலி வீதி முழுக்க வாகனம். எங்களுடையது ஓர் இடத்திலும் இருமவில்லை. கல்கிசைக் கடைக்காரர் பெட்டியின் மூடியைத் திறந்தார். ஆவி எழும்பி அவருடைய மூக்குக்கண்ணாடியை மூடியது.

"என்ன அக்கா, இப்பதான் அவிச்சதோ?"

"ஜீப்புக்குள்ளயே அவிச்சனாங்கள்" என்றாள் மகள்.