வடியாத கை

மார்பில் கட்டி எடுத்தபோது இடது அக்குளிலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். "ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கும்மா. நிணநீருக்கு அது கிடையாது. தேங்குனா வடியுறது கஷ்டம். அந்தக் கையில இறுக்கமா எதுவும் போடாதீங்க" என்றார் டாக்டர்.

சின்னாளப்பட்டியில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. வந்த பெண்களுக்கும் கண்ணாடி வளையல் போட்டார்கள். நான் வலது கையை மட்டும் நீட்டினேன். "ஒத்தக் கைக்கா போடுவாக? நல்ல காரியத்துல அபசகுனம்" என்று மாமியார் இடது கையைப் பிடித்து அழுத்தி ஏற்றினார். சபைக்கு அஞ்சி நானும் கையைக் கொடுத்தேன்.

சாயங்காலம் கை வீங்கி, வளையல்கள் சதைக்குள் புதைந்தன. "உடைச்சு விடுங்க" என்று கணவரிடம் கெஞ்சினேன்.

"எம்மகன் உசுரோட இருக்கையில வளையலை ஒடைக்கச் சொல்றியே!" என்று மாமியார் அலறினார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

குழாயடியில் நானே தட்டி உடைத்தேன்.

கை இன்றுவரை வடியவில்லை. கணவர் நன்றாகத்தான் இருக்கிறார்.